பதினான்கு வீட்டுக்கு ஒரு நம்பர்

மே 27

இந்த டைரியில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது என் அரசு வேலைப் பரீட்சைக்குக் குறிப்பு எடுக்கத் தந்தது. தன் மகள் இசக்கிக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததற்காக, எதிர்வீட்டுப் புஷ்பம் அத்தை பீடிக்கடை கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சி வாங்கி வந்தார். போன வருட டைரி. கிழமை ஒன்றும் ஒத்துவராது, தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொது அறிவு எழுத வேண்டிய தாளில் புலம்பலை எழுதுவது தப்புதான். ஆனால் வாயைத் திறந்து புலம்பினால் பீடி சுற்றிக்கொண்டே அம்மா பதில் சொல்வாள். தாள் சொல்லாது.

இன்று காலையிலிருந்து என் போனுக்கு வந்தவை: மூன்று வீட்டுச் சிலிண்டருக்கான ஓ.டி.பி. எண்கள். மாடத்தி மதினி ரேஷனில் சீனி வாங்கிய விவரம். சுடலி பெரியம்மையின் ரத்தப் பரிசோதனை முடிவு. அவருக்குச் சர்க்கரை இருப்பது அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கென்று வந்தது ஒன்றுமில்லை.

எங்கள் தெருவில் பதினான்கு வீடு. பதினான்கு வீட்டு விண்ணப்பத்திலும் என் நம்பர்தான். தெருவில் முதலில் டிகிரி முடித்தவள் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். சிலிண்டர்காரர் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏம்மா முப்புடாதி! நம்பரச் சொல்லு, நம்பரச் சொல்லு!" என்று கத்துவார். கல்லூரியில் என் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டு மூன்று வருடம் ஓட்டினேன். இங்கே அதைத் தெருவே கேட்கக் கத்துகிறார்கள்.

மே 29

பகுதி நான்கு, பாடம் ஆறு. இரண்டு பக்கம் படித்தேன். ஐந்து பேர் வந்தார்கள்.

ஜூன் 2

இசக்கி வந்திருந்தாள். பிளஸ் டூவில் 541. நான் வாங்கியதைவிட அறுபத்திரண்டு அதிகம். வேதியியல் வேண்டும் என்கிறாள். வேறு எது கிடைத்தாலும் சரி என்று சொல்லக்கூடத் தெரியவில்லை அவளுக்கு.

"அக்கா, கவுன்சிலிங்குக்கு மெசேஜ் எப்ப வரும்?"

"வந்தாச் சொல்லுதேன்."

"ராத்திரி வந்தாலும் சொல்லுவியா? நான் முழிச்சுத்தான் இருப்பேன்."

சொல்கிறேன் என்று சொன்னேன்.

அவள் வீட்டில் இருப்பது ஒரே பட்டன் போன். அதுவும் அவள் அப்பாவோடு கேரளாவுக்குக் கொத்து வேலைக்குப் போய்விட்டது. சீட் கிடைக்கவில்லை என்றால் திருப்பூரிலிருந்து சித்தி வந்து பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போவாள். புஷ்பம் அத்தை அதையும் பேசி வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் துண்டு போட்டு வைப்பது அவர் வழக்கம்.

சுடலி பெரியம்மை மாத்திரைச் சீட்டோடு வந்தவர், போகிறபோது சொன்னார்: "இனிமே பாரம்லாம் இசக்கிட்டயே எழுதிக்கிடலாம்டி. அது சிரிச்சிக்கிட்டே எழுதுது. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுத."

நல்லது. எழுதிக்கொள்ளட்டும். எனக்கு ஒரு பாரம் குறையும்.

ஒன்றை எழுதிவிட வேண்டும். அவளுடைய விண்ணப்பத்தை நான் போடவில்லை. என் போனை வாங்கி அவளே முழுதும் நிரப்பினாள். வருமானச் சான்றின் எண்ணை நான் தப்பாகச் சொல்ல, அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். நான் செய்தது கடைசியில் என் நம்பரைப் போட்டது மட்டும். டைரி எனக்குக் கிடைத்துவிட்டது.

ஜூன் 6

பரீட்சைக்கு இருபத்து மூன்று நாள். அம்மா ஒரு கட்டு இலையை என் மடியில் போட்டு, "கண்ணு படிக்கட்டும், கையி சும்மாதான இருக்கு" என்றாள். கத்தரித்துக்கொண்டே படித்தேன். சோழர் ஆட்சி முறை என்றால் இனி எனக்குப் பீடி இலை வாடைதான் வரும்.

அப்பா சாப்பிடும்போது கேட்டார்: "இந்த வாட்டி வந்துருமா?"

"பாப்போம்ப்பா."

"போன வாட்டியும் பாப்போம்னுதான் சொன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கோபப்பட்டால் நானும் ஏதாவது சொல்லலாம்.

ஜூன் 10

குழாயடியில் என் குடத்துக்கு முன்னால் ஏழு குடம். வேப்பமரத்துக்குப் பின்னால் நிழலில் நின்றேன். நான் நிற்பது தெரியாமல் புஷ்பம் அத்தை மாடத்தி மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"படிக்க வச்சு என்னத்தக் கண்டோம் சொல்லு. எதுத்த வீட்டு வேலம்மா மவ மூணு வருசமா போனத் தடவிக்கிட்டுதான கெடக்கா. எம் மவளயும் அப்படி உக்காத்தி வைக்கவா? பேசாம திருப்பூருக்கே அனுப்பிருவமான்னு வருது."

"மெசேஜ் படிக்கதுக்கு ஒரு டிகிரி!" என்றாள் மதினி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

போன மாதம் மதினி மகனின் ஜாதிச் சான்றுக்கு நான் தாலுகா ஆபீசுக்கு நான்கு தடவை போயிருக்கிறேன்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்சம்கூட முகம் மாறவில்லை. "அட, நீயா! ஒன்னத்தாம்மா பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்கேன். நீ மட்டும் இல்லன்னா இந்தத் தெருவுக்கு ஆரு இருக்கா?"

பதில் ஒன்று வந்தது. வழக்கம்போல வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கியபிறகு.

ஜூன் 11

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 12

இந்த வார இலை மோசம். பாதி ஓட்டை. அம்மா கணக்குப்பிள்ளையைத் திட்டினாள். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று என்னைத் திட்டினாள். நாள் முழுதும் போனை அணைத்து வைத்திருந்தேன். சிலிண்டர்காரர் கத்திவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 14

இசக்கி ஓடி வந்தாள், செருப்புக்கூட இல்லாமல். அவளோடு படித்தவளுக்கு அதே கல்லூரியில் தாவரவியல் கிடைத்துவிட்டதாம். கவுன்சிலிங் பன்னிரண்டாம் தேதியே முடிந்துவிட்டதாம்.

"அக்கா, மெசேஜ் வரலையா?"

"வரலையே."

"நல்லாப் பாத்தியா?"

போனை அவள் கையிலேயே கொடுத்தேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். சிலிண்டர், ரேஷன், சிலிண்டர். திருப்பிக் கொடுக்கும்போது திரையைத் தாவணி நுனியால் துடைத்துக் கொடுத்தாள்.

தெருவே கூடிவிட்டது. டவர் சரியில்லை என்றார்கள். இந்த வாரம் காற்றடித்ததே, அதுதான் என்றார் ஒருவர். அழுதுகொண்டிருந்த புஷ்பம் அத்தை, நான் சுவரோடு ஒட்டி நிற்பதைப் பார்த்து அழுகையை நிறுத்தினார். "நீ ஏம்மா மொகத்த இப்படி வச்சிருக்க? நீ என்ன செய்வ? அந்த எழவு டவருக்கு நீயா பொறுப்பு?" என்று என் தலையைத் தடவினார். கையில் புகையிலைத் தூள் வாடை.

எல்லோரும் போனபின் அம்மா பீடித்தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "முந்தாநாளுக்கு மொதநா சாயந்தரம் ஒன் போனு கத்துச்சுல்லா."

"சிலிண்டரா இருக்கும்."

"ம்."

இரண்டு பீடி சுற்றினாள். 

ஜூன் 16

எதிர்வீட்டு வாசலில் இசக்கி பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வேகமாகச் சுற்ற வராது. கட்டுக்கு நாலைந்து கழிவு விழுகிறது. திருப்பூர்ச் சித்தி ஞாயிற்றுக்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி வருகிறாளாம். மறுநாள் பஸ்.

புஷ்பம் அத்தை பயறு போட்டு அரைத்த தோசை நான்கு கொடுத்துவிட்டார். "பரீட்சைக்குப் படிக்க புள்ளைக்கி" என்று. அம்மா பக்கம் நகர்த்தினேன். அம்மா சாப்பிட்டாள்.

ஜூன் 17

பகுதி எட்டு படிக்க உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆகிறது. ஜூன் 11-க்குப் புரட்டிப் பார்த்தேன். தலைவலி என்று எழுதியிருக்கிறேன். அன்று எனக்குத் தலை வலிக்கவில்லை.

செய்தி நாலு பத்துக்கு வந்தது. நாளை காலை ஒன்பதரைக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும் என்று, விண்ணப்ப எண்ணோடு, தெளிவாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன். போனைப் பீடித்தட்டுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன். குழாயடிச் சிரிப்பு காதிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் இருக்கட்டும், சாப்பிட்டபின் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு அத்தை தானாகவே வந்தார், சிலிண்டர் பதியச் சொல்லி. பதிந்து கொடுத்தேன். சொல்லவில்லை. அவர் வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஒரு லேண்ட்லைன் நம்பரிலிருந்து இரண்டு அழைப்பு வந்தது. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை துண்டித்தேன். பிறகு போனை அணைத்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் போனைப் போட்டு, இனிச் சொல்லி என்ன பயன் என்று அந்தச் செய்தியை அழித்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதப் பேனாவை இரண்டு தடவை வைத்தேன். மறக்கவில்லை.

இன்னொன்று. மே 27-இல் நம்பரை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். யாரும் கட்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன் முதல் பாரம் எழுதியபோது சுடலி பெரியம்மை தன் மகன் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவன் வேலைக்குப் போயிருப்பான், கூப்பிட்டால் எடுக்க மாட்டான் என்று நான்தான் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லோரும் என்னிடம் வந்து கேட்டுப் போவது அப்போது நன்றாக இருந்தது. கல்லூரியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஜூன் 18

கல்லூரிக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே நின்று பேசினேன். "வணக்கம் மேடம்" என்பதையும் எழுதியிருந்தேன். அவர்கள் எடுத்தவுடன் "சொல்லுங்க" என்றதும் தாளில் எந்த வரி என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன். மூன்றாம் தடவைதான் பேச முடிந்தது.

நாளை மறுநாள் காலி இடங்களுக்கு இரண்டாம் கட்டம். பெற்றோரோடு வரவேண்டும். முதல் கட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

இசக்கியிடம் சொன்னபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். புஷ்பம் அத்தை, "பாத்தியாட்டி, எங்க முப்புடாதி விடாது" என்றார். அவரிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மகளுக்குச் சுடிதார் தேடப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

கடிதத்தை இசக்கியே எழுதினாள். "தொலைத்தொடர்புக் கோளாறு காரணமாகக் குறுஞ்செய்தி கிடைக்கப்பெறவில்லை." கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. பிழை இருக்கிறதா பார் அக்கா என்று நீட்டினாள்.

பிழை இல்லை என்றேன்.

ஜூன் 20

எழுதிவிட வேண்டும்.

ஏழரை பஸ். புஷ்பம் அத்தை, இசக்கி, நான். ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார்கள். கல்லூரியில் எங்களுக்கு முன்னால் நாற்பது பேர் இருக்கும். பதினொன்றே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு மேடம். கடிதத்தைப் படித்தார். ஒரு பெரிய நோட்டைப் புரட்டினார்.

"குறுஞ்செய்தி கிடைக்கலன்னு எழுதியிருக்கீங்க. நாங்க மெசேஜை மட்டும் நம்புறதில்ல. காலையில வராதவங்களுக்குப் போனும் பண்றோம்." விரலை வரியில் வைத்தார். "ஒன்பது நாற்பது, எடுக்கல. பத்து அஞ்சு, கட் பண்ணிட்டாங்க. இது யார் நம்பர்?"

"டவரு மேடம்," என்றார் புஷ்பம் அத்தை. "எங்க ஊர்ல டவரே கெடையாது. காத்தடிச்சா போச்சு."

"டவர் இல்லன்னா ரிங் போகாதேம்மா. இது கட் பண்ணினது."

"எங்க புள்ள அப்படிலாம் செய்யாது மேடம். தெருவுக்கே அதுதான் பாக்குது. இந்தா நிக்கில்லா, இதுதான். பொய் சொல்லத் தெரியாது அதுக்கு. வாயத் தொறந்தாத்தான பொய் சொல்ல?"

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார். இசக்கி மேடத்தின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் நம்பர்தான் மேடம்," என்றேன்.

"அப்ப நீங்க எடுக்கலையா?"

"நான்தான் கட் பண்ணினேன். மெசேஜும் வந்துச்சு. படிச்சேன். இவங்ககிட்ட சொல்லல. இந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல மேடம்."

என் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. பின்னால் பேச்சு நின்றது.

மேடம் ஏன் என்று கேட்கவில்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "உண்மையான காரணத்த எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்றார். நின்றுகொண்டே எழுதினேன். நான்கு வரி. இசக்கியின் கடிதத்துக்குப் பின்பக்கத்தில்.

வேதியியல் நிரம்பிவிட்டது. பொருளியல் இருக்கிறது. பொறியியல் கிடைத்து யாராவது விலகினால் வேதியியலில் இடம் வரும், காத்திருப்போர் பட்டியலில் ஆறாவது என்றார். இசக்கி பொருளியலை எடுத்துக்கொண்டாள்.

"இடம் வந்தா சொல்லணும். எந்த நம்பர் போடட்டும்?"

இசக்கி தன் அப்பா நம்பரைச் சொன்னாள்.

என்னையறியாமல், "அப்பாவுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாதே" என்றேன்.

"படிச்சுச் சொல்ல ஆளா இல்ல அங்க?" என்றாள். என்னைப் பார்க்காமல்.

திரும்பும்போது ஜன்னலோரம் அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன். சீட் இருந்தது. இறங்கும்போதுதான் இசக்கி பேசினாள்: "தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்க்கா. போனத் தொடச்சுல்லா குடுத்தேன்."

 புஷ்பம் அத்தை பேசாமல் நடந்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 21

ஒருவரும் வரவில்லை. பகுதி ஒன்பது முடித்தேன். ஒன்றும் மனதில் இல்லை.

ஜூன் 22

அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். பிறகு, "நானும் அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்காம வுட்டுட்டேன்லா" என்றாள். இலையை ஓரம் ஒதுக்கி எனக்குச் சோறு போட்டாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 23

திருப்பூர்ச் சித்தி வந்தாள், தனியாகவே திரும்பிப் போனாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த புஷ்பம் அத்தை நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"எதுக்குட்டி செஞ்ச? கொழாயடியில நான் பேசினதுக்கா? பேசினேன். என் வாயி அப்படி. ஒன்னப் பேசுவேன், ஒங்கம்மையப் பேசுவேன், எம் மவளையும்தான் பேசுவேன். அங்கயே ஒரு குடம் தண்ணிய எந் தலையில ஊத்தியிருக்கலாம்லா! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா! அவ என்னட்டி செஞ்சா ஒனக்கு?"

"ஒண்ணும் செய்யல அத்தை."

"பொறவு?"

பதில் சொல்ல நினைத்தேன். அவளுக்கு என்னைவிட நன்றாக எழுத வருகிறது அத்தை என்று. வரவில்லை. "தப்புதான்" என்று மட்டும் வந்தது.

"தப்புதானாம்! தாசில்தாரு சொல்லிட்டாவ!" மூக்கைச் சிந்தினார். "டைரியக் குடு. நான் கணக்குப்பிள்ள காலப் புடிச்சு வாங்கினது."

கொடுக்க எழுந்தேன். "எழுதிட்டியா அதுல?"

"எழுதிட்டேன்."

"எழுதினத வச்சு நான் என்ன செய்ய? நீயே வச்சுக்க." போய்விட்டார்.

ஜூன் 26

வீடு வீடாகப் போகிறேன். அவரவர் வீட்டில் யார் போன் இருக்கிறதோ அந்த நம்பரை எழுதி வாங்கி, மாற்றக்கூடியதை எல்லாம் மாற்றுகிறேன். யாருக்கும் பிடிக்கவில்லை. மாடத்தி மதினி, "கோவிச்சுக்கிட்டு எங்களக் கைகழுவுதியாக்கும்" என்கிறாள். இல்லை, வந்த செய்தியைத் திறந்து படிக்கச் சொல்லித் தருகிறேன் என்றேன். "அதுக்கு நீ படிச்சே சொல்லிரலாம்லா" என்கிறாள். சுடலி பெரியம்மையின் மகன் நம்பர் மூன்று வருடத்துக்குப் பின்னும் அதேதான். நான் கூப்பிட்டவுடன் எடுத்தான்.

பதினான்கில் ஒன்பது முடிந்தது.

ஜூன் 29

பரீட்சை எழுதினேன். இருநூறு கேள்வியில் நூறுக்கு மேல் சரியாக இருக்கும். போதாது. அப்பாவிடம், "இந்த வாட்டி வராதுப்பா. இன்னொரு தடவை எழுதணும். அதுவரைக்கும் டவுன்ல ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போறேன்" என்றேன். அப்பா, "சரி" என்றார். பாப்போம் என்பதைவிட இது சொல்லக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 2

இசக்கியின் அப்பா கேரளாவிலிருந்து வந்திருக்கிறார். அவளுக்கு ஒரு போன். புதிது இல்லை, ஓரத்தில் கீறல். சுடலி பெரியம்மையும் மாடத்தி மதினியும் சுற்றி நிற்க, தன் நம்பரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதிர்வாசலில் இலை நனைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்த அளவில் ஏழு இலக்கம். மீதியைக் கேட்க எழுந்தேன். கை ஈரமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 3

இசக்கி, நாளைக்கு உனக்குக் கல்லூரி திறக்கிறது. இந்த டைரியை இன்று உன் வீட்டு ஜன்னலில் வைக்கப் போகிறேன். உன் அம்மா வாங்கிய டைரி. பாதிதான் எழுதியிருக்கிறேன். மீதித் தாளைப் பாடத்துக்கு வைத்துக்கொள்.

ஜூன் 11-ஐக் கிழிக்கவில்லை. அதற்கு அடுத்த பக்கங்களையும் கிழிக்கவில்லை. நீ படித்துவிட்டு உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டலாம். தெருவுக்கே படித்துக் காட்டினாலும் சரி.

மன்னித்துவிடு என்று கேட்கப் போவதில்லை. வேதியியல் பட்டியலில் நீ ஆறாவதாக நிற்கும்போது அதைக் கேட்பது நியாயமில்லை. நான் கேட்பது வேறு. நேற்றே கேட்க நினைத்தேன், எழுந்தும் கேட்கவில்லை. இந்தத் தெருவில் எல்லோரிடமும் என் நம்பர் இருந்தது. என் போனில் எல்லோருடைய செய்தியும் வந்தது. ஆனால் நான் கூப்பிட்டுப் பேச என்னிடம் ஒருவர் நம்பரும் இருந்ததில்லை. உனக்கு வேதியியல் கிடைத்தால் அதைக் குழாயடியில் நின்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. கிடைக்காவிட்டாலும்.

கடைசித் தாளைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் உன் நம்பரை எழுதிக் கிழித்துக் கொடு. பத்து இலக்கமும்.